பாலசமுத்திரத்துச் சின்னம்மா

அந்த அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. உயிரோடு இருந்தவரை எதை மறைக்கப் படாதபாடு பட்டாரோ அதையே இப்போது ஊரறியச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பெயரையாவது விட்டுவைப்போம். எங்களுக்கு அவர் ‘பாவாடை அக்கா’. முகத்துக்கு நேரேயே அப்படிக் கூப்பிடுவோம், அவரும் சிரித்துக்கொண்டே திரும்புவார். திண்டுக்கல் நாகல்நகர்ப் பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தார். வீட்டில் மிஷின் போட்டு உள்பாவாடையும் நைட்டியும் தைப்பார். தைத்ததைப் பெரிய பையில் அடைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தே விற்றுவிட்டு வருவார். எந்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன இடுப்புச் சுற்று என்பதோடு, எந்தப் பெண்ணுக்கு எங்கே என்ன வலி என்பதும் அவருக்குத் தெரியும். பாவாடைக்கு அளவு கொடுக்கும்போது பெண்கள் எதையும் ஒளிப்பதில்லை.

நான் இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், தோல் டாக்டரம்மாவின் ஸ்கேன் அறையில் நர்ஸ். வியாழக்கிழமை மதியம் வயதான பெண்களுக்கு மட்டும் பார்ப்போம். என்ன பார்ப்போம் என்பதை உடைத்தே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்துப் பேசிப் பேசித்தான் இத்தனையும் நடந்தது. மாதவிடாய் நின்ற பிறகு சில பெண்களுக்குப் பிறப்புறுப்பின் தோல் வெள்ளை வெள்ளையாக மாறும். மெலிந்து, சுருங்கி, லேசாக உரசினாலே வெடிக்கும். அரிப்பு ஆளைத் தூங்கவிடாது. உட்கார்ந்தால் எரியும், சிறுநீர் போனால் எரியும். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுகிற சமாச்சாரம் இல்லை இது. களிம்பை ஒழுங்காகப் போட்டு வந்தால் அடங்கிவிடும். கண்டுகொள்ளாமல் விட்டால் சிலருக்கு, எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு மட்டும், அதே இடத்தில் புற்று வைக்கும்.

எங்கள் ஊர்ப் பெண்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் ‘சூடு’ என்பார்கள். தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பார்கள், வெந்தயத்தை ஊறவைத்து விழுங்குவார்கள், வேப்பிலைத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கழுவுவார்கள், மருந்துக்கடையில் படர்தாமரைக்கு என்று சொல்லி ஒரு ட்யூப் வாங்கி அப்புவார்கள். சதை கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றால் அடுத்த வாரம் ஆளைக் காணோம். ஸ்கேன் என்றால் மட்டும் பயமில்லை. மகளுக்குப் பார்த்திருக்கிறார்கள், மருமகளுக்குப் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் டாக்டரம்மா அந்தச் சின்ன மிஷினை வாங்கினார். பேனா மாதிரி ஒரு கருவி. ஜெல் தடவி மேலே வைத்தால் போதும், குத்தலும் இல்லை வெட்டலும் இல்லை, தோலின் அடுக்குகள் திரையில் வந்துவிடும். நோய் இருந்தால் மேல்தோலுக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை தெரியும். அதன் தடிமன் என்ன, அடியில் எங்கே முடிகிறது என்று அளக்கலாம். மருந்து போட்டபின் மறுபடி பார்த்தால் பட்டை மெலிந்திருக்கும். சந்தேகமாகத் தெரிகிறவர்களுக்கு மட்டும்தான் சதை எடுப்பது.

அக்கா எங்களிடம் கூட்டி வந்த முதல் ஆள், பிரியாணிக் கடையில் வெங்காயம் உரிக்கிற ஒரு அம்மா. நாளெல்லாம் பலகையில் உட்கார்ந்து உரிக்கிற வேலை, உட்கார முடியவில்லை. வந்து நின்றபோது நெற்றியெல்லாம் வியர்வை, கால்களைப் பின்னிக்கொண்டு நிற்கிறார்.

“ஸ்கேன்னா தண்ணி குடிச்சு அடக்கிக்கிட்டு வரணும்ல. அதேன் வீட்டுல ஒரு சொம்பு, பஸ்டாண்டுல ஒரு பாட்டுலு, இங்க வந்து ஒரு பாட்டுலு குடிக்க வச்சுக் கூட்டியாந்திருக்கேன்” என்று அக்கா பெருமையாகச் சொன்னார்.

“அது வயித்து ஸ்கேன்மா. இது வெறும் தோலுக்கு. மொதல்ல அவங்களை பாத்ரூமுக்கு அனுப்புங்க” என்றார் டாக்டரம்மா.

“இவதேன் குடி குடின்னு உசுர வாங்குனா டாக்டர்” என்று சொல்லிக்கொண்டே அந்தம்மா ஓடினார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். திரும்பி வந்தபோது அந்தம்மாவின் கண்ணில் நீர் கோத்திருந்தது. வெடித்த தோலில் சிறுநீர் பட்டால் அப்படித்தான் எரியும். அக்கா சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் பையில் கைவிட்டு, பாவாடைகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்னத் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை எடுத்தார்.

“போறதுக்கு முன்னாடி இதைத் தடவிக்கிட்டுப் போகணும் ஆத்தா. அப்பத்தேன் எரியாது.”

எனக்கு அப்போதே பொறி தட்டியது. வியாபாரத்துக்குப் போகிற பையில் அந்த எண்ணெய் எதற்கு? வாரம் போகப் போகச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. அக்காவுக்கும் அதே நோய். ஊரையெல்லாம் கூட்டி வந்து படுக்கவைக்கிற அந்த மேசையில், தான் ஒரு தடவை படுத்தால் பிழைத்துக்கொள்வார். படுப்பாரா மாட்டாரா என்பதுதான் அந்த வருஷம் முழுக்க என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

துணைக்கு வருவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மகன் வேலைக்குப் போய்விட்டான், மருமகளிடம் சொல்லக் கூச்சம் என்று வீட்டுக்குள் கிடக்கிற பெண்களை, “நாந்தேன் இருக்கேன்ல, வா” என்று கையைப் பிடித்து டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். ஸ்கேன் அறைக்குள் வந்ததும் மேசையில் படுத்தவரின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, தான் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். சுவரில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கும்.

“நான் ஒண்ணும் பாக்கல ஆத்தா. காலண்டரைத்தேன் பாக்குறேன். இன்னைக்கு என்ன நட்சத்திரம் தெரியுமா?” என்று ஆரம்பிப்பார். நல்ல நேரம், ராகுகாலம், எமகண்டம், சந்திராஷ்டமம் யாருக்கு, எந்த ராசிக்கு லாபம், எந்த ராசிக்கு அலைச்சல் எல்லாம் வரிசையாக வரும். படுத்திருப்பவர் தன் ராசி எப்போது வருமென்று காத்திருப்பதற்குள் டாக்டரம்மா வேலையை முடித்துவிடுவார்.

நோய் என்று தெரிந்தவர்களுக்கு அக்கா ஒரு தனிப் பாவாடை தைத்துக் கொடுப்பார். சாயம் போட்ட புதுத்துணி உரசினால் எரியும் என்று, துவைத்துத் துவைத்து நைந்த வேட்டித் துணியில் தைப்பார். மூட்டும் தையல் நடுவில் வராமல் பக்கத்துக்குத் தள்ளியிருக்கும். கொடுக்கும்போது, “நாடாவை இறுக்கிக் கட்டாத. ஊருக்குப் பயந்து ஒடம்பைக் கட்டிப்போட்டது போதும்” என்பார். இதைச் சொல்கிறவரைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்களுக்கு யார் அக்கா இதைச் சொல்வது என்று நாக்கு நுனிவரை வந்து நிற்கும்.

பார்த்துவிட்டுக் கிளம்புகிற நேரத்தில்தான் பேச்சில் சின்னம்மா வருவார்.

“டாக்டர், ஒரு சந்தேகம். எனக்கில்ல. பாலசமுத்திரத்துல எங்க சின்னம்மா ஒண்ணு இருக்கு. அதுக்கும் இந்தமாதிரிதேன். ரெண்டு பக்கத்துத் தோலும் ஒட்டிக்கிட்டே வருதாம். இந்தக் களிம்பை அதுக்குக் கொடுக்கலாமா?”

“பாக்காம எப்படிம்மா கொடுக்கிறது? கூட்டிட்டு வாங்க.”

“அது வராது டாக்டர். பஸ்ஸு ஏறுனா வாந்தி எடுக்கும்.”

அடுத்த வாரம் கேட்டால் சின்னம்மா வீட்டில் ஆடு குட்டி போட்டிருக்கும். அதற்கடுத்த வாரம் சின்னம்மாவுக்குக் கண் ஆப்பரேஷன். அந்தச் சின்னம்மாவுக்கு இல்லாத வேலை பழனி வட்டாரத்திலேயே யாருக்கும் இருந்திருக்காது. எங்கள் பக்கத்தில் பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றிக் கேட்பது பெரும்பாலும் இப்படித்தான். அத்தைக்கு ஒரு சந்தேகம், பக்கத்து வீட்டுக்கு ஒரு சந்தேகம், எனக்கு ஒன்றுமில்லை. டாக்டரம்மாவுக்கும் விளங்கிவிட்டது. ஒரு நாளும் அவர் அக்காவை மடக்கவில்லை. சின்னம்மாவுக்குச் சொல்வதுபோலவே சொல்லி அனுப்புவார்: சோப்புப் போடச் சொல்லாதீங்க, வெந்நீர் வேண்டாம், புண்ணு ஆறாம இருந்தாலோ, எங்கேயாவது கெட்டியா தட்டுப்பட்டாலோ அன்னைக்கே கூட்டிட்டு வாங்க. அக்கா கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொள்வார். களிம்பின் பெயர் அவருக்கு மனப்பாடம். கடையில் வாங்கித் தானே போட்டுக்கொண்டிருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அதில் அரிப்புக் கொஞ்சம் அடங்கியிருக்கும். அடியில் வளர்ந்ததற்கு அது மருந்தில்லை.

அவருடைய மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே மகள், பிரைவேட் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். செவ்வாய் தோஷம் என்று வந்த வரன் எல்லாம் தட்டிப்போய் முப்பதைத் தாண்டிவிட்டது. கடைசியில் தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் குடும்பத்தில் அமைந்தது. மாப்பிள்ளைக்குப் பழனியில் பம்புசெட் கடை. ஆனி மாதம் நிச்சயம் முடிந்த கையோடு எங்களுக்கு மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தார் அக்கா. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், நாற்பது வயசுக்காரி மாதிரி இருந்தார்.

அடுத்து ஆடி, கல்யாணம் கூடாது. ஆவணியில் நாள் குறித்தார்கள். குறித்தபின் மாப்பிள்ளையின் பெரியப்பா இறந்துபோனார். பங்காளி வீட்டுச் சாவு, வருஷம் திரும்பட்டும் என்றார் ஒரு பெரியவர். மூன்று மாதம் போதும் என்றார் இன்னொருவர். இவர்கள் பேசிப் பேசித் தீர்ப்பதற்குள் மார்கழி வந்து நிற்கும் என்பதால் தை என்று முடிவானது. காலண்டரைக் கிழித்துக் கிழித்து அவர்கள் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் உடம்பு யாருக்காகவும் தள்ளிப்போடவில்லை.

ஐப்பசியில் வெங்காயக்கார அம்மாவுக்கு மறு ஸ்கேன். டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “பாருங்கம்மா, முன்னாடி இவ்வளவு கறுப்பு. இப்ப இம்புட்டூண்டு” என்றார். அந்தம்மா, “சாமி, உக்காந்து சோறு திங்கிறேன் டாக்டர்” என்று கைகூப்பினார். அக்கா முதல் தடவையாகச் சுவரிலிருந்து திரும்பித் திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோல, “சின்னம்மாவுக்கு ஒரு ஓரமா மொச்சைக்கொட்டை கணக்கா ஒண்ணு இருக்காம் டாக்டர். நீரா வடியுதாம்” என்றார்.

டாக்டரம்மா கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டார். “இன்னைக்கே பாக்கணும்மா. நான் இருக்கேன், எவ்வளவு நேரமானாலும் இருக்கேன்.”

“சொல்லிப் பாக்குறேன்” என்று அக்கா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் விடவில்லை. பின்னாலேயே ஓடி மாடிப்படியில் மறித்தேன்.

“உங்க சின்னம்மா இப்படியே இருந்தாங்கன்னா செத்துப்போவாங்க அக்கா.”

அக்கா ஒரு படி கீழே நின்று என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, அழுகையில்லை. “செத்துட்டுப் போகுது தங்கச்சி. தை பொறக்கட்டும். கல்யாணத்தை முடிச்சுட்டுச் சாகட்டும்.”

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது இருவருக்கும் தெரியும். அன்றைக்கு ட்யூட்டி முடியும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். மகள் கல்யாணப் புடவைக்கு ரவிக்கை கொடுக்கப் போயிருந்தாள். அக்கா முக்காலியின் ஓரத்தில் ஒரு தொடையை மட்டும் ஒட்டவைத்துக்கொண்டு மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து காபி போட்டார். நான் கேட்காமலே சின்னம்மா கதையை எடுத்தார்.

“சின்னம்மாவுக்கு வெலக்கு நின்ன புதுசுல வந்துச்சு இது. ஒருநா புருசங்காரன் பாத்துட்டான். வெள்ளையா இருக்கே, இது வெண்குஷ்டம்னுட்டான். அன்னைலருந்து தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனி. மேல கை பட்டாக் கழுவுவான். பொம்பளப்புள்ள வீட்டுல இருக்கு, வெளிய தெரிஞ்சா ஒரு நாயும் இந்த வாசப்படி ஏறாது, நீ சாகுற வரைக்கும் வாயத் தொறக்காதன்னு புள்ளை தலையில கைய வச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டான். அவன் போய்ச் சேந்துட்டான். சத்தியம் கெடக்குல்ல?”

காபியைக் கீழே வைத்துவிட்டு, “போதும் அக்கா. அது நீங்கதான்” என்றேன்.

“நானா இருந்தா என்ன, சின்னம்மாவா இருந்தா என்ன.”

“இது குஷ்டம் இல்ல, ஒட்டாதுன்னு வாரா வாரம் நீங்கதானே அத்தனை பேருக்கும் சொல்றீங்க? உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமா? வெள்ளைன்னு ஒரு சொல்லு போனாப் போதும், ஆத்தாளுக்கு இருந்தா மகளுக்கும் வரும்பாக. நான் கூட்டியாந்தவளுகளை நெனச்சுப் பாரு. ஒருத்தி வீட்டுலயாச்சும் கல்யாணத்துக்கு நிக்கிற புள்ளை இருக்கா?”

நினைத்துப் பார்த்தேன். இல்லை. வெங்காயக்கார அம்மாவுக்குப் பேரன் எடுத்தாயிற்று. மற்றவர்கள் எல்லாருமே பிள்ளைகளைக் கரையேற்றியவர்கள். அக்கா ஆள் பார்த்துத்தான் கூட்டி வந்திருக்கிறார். வீட்டில் பெண் நிற்கிறவர்களுக்கு நைந்த வேட்டியில் பாவாடை மட்டும் தைத்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறார். நல்லது செய்கிறார் என்று நாங்கள் கொண்டாடியதற்குள் இப்படி ஒரு கணக்கு இருந்தது எனக்கு உறைக்கவே இல்லை.

“எங்க வாயிலேருந்து ஒரு வார்த்தை வெளிய போகாது அக்கா.”

“நீ சொல்ல மாட்ட. பெஞ்சுல வரிசையா உக்காந்திருக்கவ சொல்லுவா. வியாழக்கெழமை அங்க எதுக்கு வைத்தியம்னு ஊருக்கே தெரியும்.”

“அப்ப நீங்க வாரா வாரம் வர்றதை மட்டும் யாரும் பாக்கலையா?”

“நான் துணைக்குல்ல வாரேன்” என்றார் அக்கா. சொல்லிவிட்டுத் துணியை நகர்த்தி மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். டாக்டர் சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்க அவருக்கு இருந்த ஒரே வழி அது. மற்றவர்கள்மேல் அவர் காட்டிய பிரியம் பொய்யில்லை, அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிரியத்தின் பின்னால் நின்று தனக்கும் கொஞ்சம் மருத்துவம் பார்த்துக்கொண்டார். மதுரைக்குப் போகலாம், அங்கே யாருக்கும் உங்களைத் தெரியாது என்றேன். மாப்பிள்ளையின் அக்கா மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்கிறாள் என்றார். வாசல்வரை வந்து என்னை வழியனுப்பியபோது, “மகளுக்குத் தெரியக்கூடாது தங்கச்சி” என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

தையில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. எனக்கு அன்றைக்கு ட்யூட்டி மாற்ற ஆள் கிடைக்கவில்லை, போகமுடியவில்லை. மறுவீடு முடிந்து, மகளைத் தொப்பம்பட்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அடுத்த வியாழக்கிழமை அக்கா வந்தார். தோளில் பையில்லை, கூட ஆளில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் போகும்வரை ஜன்னலோரம் நின்றார். பிறகு உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தானாகவே மேசையில் ஏறிப் படுத்தார்.

நான் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன செய்வதென்று தெரியாமல், அவர் வழக்கமாகச் செய்வதுபோலக் காலண்டர்ப் பக்கம் திரும்பினேன்.

“செவுத்தைப் பாக்காத தங்கச்சி. எம் மொகத்தைப் பாரு” என்றார்.

பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா ஜெல்லை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கித் தடவினார். கருவியை மெதுவாக நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்தினார், சாய்த்தார், மறுபடி நிறுத்தினார். மற்றவர்களுக்குக் கறுப்புப் பட்டையின் அடியில் ஒரு கரை தெரியும். அக்காவுக்கு அந்தக் கட்டி இருந்த இடத்தில் கறுப்பு இறங்கிக்கொண்டே போனது, கரை தெரியவில்லை. வயிற்று ஸ்கேனுக்கான பெரிய கருவியை எடுத்துத் தொடையிடுக்கில் வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது. டாக்டரம்மா எங்கள் பக்கம் திரும்பாமல் ஜெல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றுமில்லாத பிறகும் துடைத்தார்.

“சின்னம்மாவுக்கு எப்படி இருக்கு டாக்டர்?” என்று கேட்டார் அக்கா.

டாக்டரம்மா துணியைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார். “சின்னம்மாவை மதுரைக்கு அனுப்பணும்மா. சதை எடுத்துப் பாக்கணும். பெரிய ஆப்பரேஷன் பண்ண வேண்டியிருக்கும். நான் எல்லாம் பேசி ஏற்பாடு பண்றேன்.”

“புள்ளைக்கு இப்பத்தேன் கல்யாணம் ஆகியிருக்கு. ஒரு மாசம் பொறுக்கலாமா?”

“பொறுக்கக்கூடாதும்மா.”

அக்கா சரியென்று தலையாட்டினார். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, போகும்போது காலண்டரில் முந்தின நாள் தாள் கிழிக்காமல் இருந்ததைப் பார்த்துக் கிழித்துவிட்டுப் போனார்.

மதுரையில் வேறோர் ஆஸ்பத்திரியில் அறுவை நடந்தது, கரண்டு என்று சொல்கிற கதிர்வீச்சும் வைத்தார்கள். மகளிடம் மறைக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் அம்மாவின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, “ஏம்மா, என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல” என்று அவள் கேட்டாளாம். “சொன்னா நீ கல்யாணம் வேணாம்பே” என்றாராம் அக்கா. சம்பந்தி வீட்டுக்கு மட்டும் கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லச் சொல்லி மகளிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தக் குடும்பத்தில் சத்தியம் வாங்குவதற்கு மட்டும் ஒரு குறைவும் இருந்ததில்லை. அடுத்த ஆடிக்கு அக்கா இல்லை. நான் போய்ப் பார்த்தபோது அவர் தைத்த வெள்ளைப் பாவாடையிலேயே குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வெங்காயக்கார அம்மா வாசலில் உட்கார்ந்து, “என்னையக் கூட்டிட்டுப் போனியே, நீ போகலையே” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். எனக்கும் அதற்குமேல் அழத் தெரியவில்லை.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை நல்ல மழை. பெஞ்சில் கூட்டமே இல்லை. அக்காவின் மகள் வந்து நின்றாள். கூட உயரமாக, நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு அம்மா.

“எங்க அத்தை, சிஸ்டர். தெனமும் வேப்பிலைத் தண்ணி காய வைக்கிறாங்க, தொப்புளுக்கு எண்ணெய் வைக்கிறாங்க. எனக்குப் புரிஞ்சுபோச்சு. நேராவே கேட்டேன். ரெண்டு நாள் இல்லவே இல்லன்னாங்க, மூணாவது நாள் அழுதாங்க. நாந்தான் கூட்டிட்டு வந்தேன்” என்றாள். மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேசையில் படுக்கவைத்தோம். மகள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். கறுப்புப் பட்டை மெலிசாகத்தான் இருந்தது, அடியில் கரை நன்றாகத் தெரிந்தது. சந்தேகப்படும்படி ஒன்றுமில்லை. “களிம்புலயே அடங்கிரும்மா. விடாமப் போடணும், வந்து வந்து காட்டணும், அவ்வளவுதான்” என்றார் டாக்டரம்மா.

அந்த அம்மா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். மருமகளை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க சிஸ்டர், எங்க சம்பந்தியம்மாவுக்கும் இதுதானுங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் மகளே, “ஆமாங்கத்தை” என்றாள். சத்தியத்தை அந்த இடத்திலேயே போட்டு உடைத்தாள். நல்ல காரியம் செய்தாள்.

அந்த அம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். “பொண்ணு பாக்க வந்தப்பவே எனக்கு இது இருந்துச்சுங்க. வெளிய தெரிஞ்சா எம்பையனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு மூடிட்டே இருந்தனுங்க” என்றார். பிறகு மருமகளின் கையை விடாமல் சொன்னார்:

“கல்யாணத்தன்னிக்கு மண்டபத்துல எங்க ரெண்டு பேருக்கும் முன்வரிசைல சேர் போட்டிருந்தாங்க. நீங்க உக்காருங்க சம்பந்தின்னு நான் சொல்றனுங்க. இல்ல, நீங்க உக்காருங்கன்னு அவங்க சொல்றாங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் என்ன மரியாதை பாருன்னு எங்கூர்ச் சனமெல்லாம் பேசிச்சுங்க. ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் உக்காரவே இல்லீங்க.”